மலையில் ஓடும் கார்களின் பெயிண்டில் படியும் கறைகள்: வீட்டில் நீக்குமுன் அறிய வேண்டியவை

குன்னூரில் கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறை நடத்தி வருகிறேன். பானட்டும் கூரையும் மங்கிப்போய் எங்களிடம் வரும் வண்டிகளில் பல, கறையால் கெட்டவை அல்ல, கறையை எடுக்கப்போய்க் கெட்டவை. மரத்திலிருந்து விழுந்த ஒரு சொட்டுப் பிசினை எடுப்பதற்காகப் பாத்திரம் துலக்கும் பச்சை நாரை எடுத்துத் தேய்த்திருப்பார்கள். பிசின் போயிருக்கும், ஆனால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நுண்ணிய கீறல்கள் விழுந்து, எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் அந்த இடம் புகை படிந்ததுபோல் தெரியும். அந்த மங்கலைத் தண்ணீரோ ஷாம்பூவோ போக்காது.

இன்றைய கார்களில் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும். இவை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்றின் தடிமனில் பாதி. பளபளப்பைத் தருவதும், சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுக்கவிடாமல் தடுப்பதும் இந்தப் பூச்சுதான். மலையில் குளிர் இருப்பதால் வெயிலின் தாக்கம் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 விழுக்காடு கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே இங்கு ஓடும் வண்டியின் கிளியர் கோட்டைத் தேய்த்து மெலிய வைப்பவர், சமவெளியில் அதைச் செய்பவரைவிடக் கூடுதலாகவே இழக்கிறார்.

ஆகையால் கறையில் கை வைக்குமுன் அது பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, பூச்சுக்குள்ளேயே இறங்கிவிட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். முதலில் வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்தி, விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். மேடாக உணர்ந்தால் அது மேலே ஒட்டிய பொருள், அதைக் கரைத்தோ இளக்கியோ எடுத்துவிடலாம். மேடு இல்லாமல் தடமாக மட்டும் இருந்து, தண்ணீர் தெளித்ததும் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால், பாதிப்பு கிளியர் கோட்டின் மேற்பரப்போடு நின்றிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அது வீட்டு வேலை அல்ல. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் ஓரத்தில், நீங்கள் பயன்படுத்தப்போகும் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தால், வண்டியின் நிறம் துணியில் ஏறுகிறதா? ஏறினால் அந்த வண்டிக்குக் கிளியர் கோட் இல்லை, அல்லது பின்னர் அடித்த பெயிண்ட் சரியாக இறுகவில்லை. எஸ்டேட் சாலைகளில் ஓடும் பழைய ஜீப்புகளிலும், உரசலுக்குப் பிறகு ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்த கார்களிலும் இதை அடிக்கடி காண்கிறோம்.

இந்த மலையில் அதிகம் பேரைத் திண்டாட வைப்பது மரப்பிசின். எல்லா மரமும் ஒரே பிசினைச் சொட்டுவதில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் பூக்கும் காலத்தில் சொட்டுவது தேன்தான், சர்க்கரைப் பொருளாகிய அது கை பொறுக்கும் வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டு வைத்தாலே கரைந்துவிடும். இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் செம்பழுப்புப் பிசினும் வெந்நீரில் ஓரளவு இளகும். பைன், சைப்ரஸ் மரங்களின் பால் அப்படியல்ல, அது நீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையில் நனைத்து, சொட்டின் மேல் அரை நிமிடம் அழுத்தாமல் வைத்திருந்து, ஒரே திசையில் வழித்தெடுக்க வேண்டும். முழுவதும் வராவிட்டால் துணியின் வேறு பக்கத்தைத் திருப்பி மறுபடியும் வைக்கலாமே தவிர, விரலால் அழுத்திச் சுழற்றித் தேய்க்கக் கூடாது. பிறகு நீரால் கழுவி, அந்த இடத்துக்கு மட்டும் சிறிது வாக்ஸ் பூச வேண்டும், ஏனென்றால் ஆல்கஹால் பழைய வாக்ஸையும் எடுத்துவிடும்.

மழைக்காலம் முடிந்து சாலைக் குழிகளுக்கு ஒட்டுப்போடும் நாட்களில் கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கரத்தின் பின்புறத்திலும் கரும்புள்ளிகளாகத் தார் தெறிக்கும். இதற்கு வெளியூரிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. உதகைக்கு வருபவர்கள் எல்லாம் வாங்கிச் செல்லும் நீலகிரித் தைலம் தாரையும் ஸ்டிக்கர் பசையையும் நன்றாக இளக்கும். பஞ்சில் தொட்டு ஒற்றி, இளகியதும் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கார் ஷாம்பூவால் உடனே கழுவிவிடுங்கள். ஊறட்டும் என்று விட்டுவிடக் கூடாது, ஹெட்லைட் மூடி போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் படவும் கூடாது. மண்ணெண்ணெயும் தாரை எடுக்கும், ரேஷனில் அது அரிதாகிவிட்ட பிறகும் பழக்கத்தால் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டவே வேண்டாம். தீ அபாயம் ஒருபுறம் இருக்க, பழுது பார்த்த இடத்தில் தின்னர் பட்டால் பெயிண்ட் சுருங்கி, அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி வரை பெயர்ந்து வருவதைப் பட்டறையில் பார்க்கிறோம்.

பறவை எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் பெயிண்டை அரிக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. வெயிலில் சூடேறி இளகி விரிந்த கிளியர் கோட், மாலையில் குளிர்ந்து இறுகும்போது, காய்ந்து கெட்டியான எச்சத்தைச் சுற்றி அதன் வடிவிலேயே இறுகிவிடுகிறது. நண்பகலுக்கும் இரவுக்கும் இடையில் வெப்பநிலை வெகுவாக மாறும் பனிக்கால மாதங்களில் எச்சத்தை ஒருநாள் கூட விட்டுவைக்காமல் இருப்பது நல்லது. நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்துத் தூக்கி எடுங்கள். காய்ந்த எச்சத்தில் மணலும் விதைத் தோலும் இருக்கும் என்பதால் உலர்ந்த துணியால் துடைப்பது எமரி தாளால் தேய்ப்பதற்கு ஒப்பானது.

வெள்ளைக் கார்களில் துருப்புள்ளிகளைப் போல் தெரியும் செம்புள்ளிகளைக் கண்டு, தகடே துருப்பிடித்துவிட்டதாகப் பயந்து வருகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகள். மேட்டுப்பாளையம் வரை இறங்கும் சாலையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகையை மதிக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குபவர்களின் சக்கரங்களைச் சுற்றி இது அதிகம் படிகிறது. இரும்புத் துகள் நீக்கும் திரவத்தைக் குளிர்ந்த தகட்டில் தெளித்தால் துகள் உள்ள இடம் ஊதா நிறமாக மாறும், காயவிடாமல் கழுவிவிட வேண்டும். எஞ்சியதற்குக் கிளே பார் என்னும் களிமண் கட்டியை ஷாம்பூ நீரில் வழுக்கவிட்டுப் பயன்படுத்தலாம். கட்டி கீழே விழுந்தால் தூர எறிந்துவிடுங்கள், ஒட்டிய ஒரு மணல் போதும்.

போர்வெல் நீரில் கழுவிக் காயவிட்டதால் வரும் வெண்திட்டுகளுக்குச் சம அளவு நீர் கலந்த வினிகர் போதும். குறுகிய வளைவுகளில் அடுத்த வண்டி உரசிச் சென்ற வெள்ளைக் கோடுகள் பலவேளை கீறலே அல்ல, அந்த வண்டியின் பெயிண்ட் ஒட்டியதுதான். அதற்கும், கிளியர் கோட்டின் மேற்பரப்போடு நின்ற தடங்களுக்கும் மட்டும் மெல்லிய பாலிஷைக் கையால் பயன்படுத்தலாம். கடையில் கொடுக்கும் கரடுமுரடான ரப்பிங் காம்பவுண்டும், ட்ரில்லில் மாட்டிச் சுழற்றும் பஃப் என்னும் பாலிஷ் சக்கரமும் வீட்டில் வேண்டாம். பானட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு போன்ற இடங்களில் பூச்சு மெலிதாகவே இருக்கும், அங்கே பஃப் சில விநாடிகள் நின்றாலும் நிறம் வரை தேய்ந்துவிடும். அப்படித் தேய்ந்த விளிம்பை பாலிஷ் போட்டு மீட்க முடியாது. அந்தப் பாகம் முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும், மெட்டாலிக் நிறமாக இருந்தால் பக்கத்துப் பாகத்தோடு நிறம் சேர அதற்கும் சேர்த்து அடிக்க நேரும்.