பைபாஸுக்கு முன்பே இதயத்துக்குத் துணைக் கருவி: கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். (இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 25 என்று வந்த ஒருவருக்கு பைபாஸ் செய்யவேண்டி வரும்போது குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "இதயத்துக்குத் துணையா ஒரு பம்ப் இருக்காமே டாக்டர், அதை முதல்லயே வெச்சிட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். நல்ல நிலையில் உள்ள இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். கால் பங்கு மட்டுமே தள்ளும் இதயம், அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைப் பார்க்கும் ஹார்ட்-லங் மெஷினை விட்டு வெளிவரும் நேரத்தில் தடுமாறக்கூடும். ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் சீக்கிரமே அடிவாங்கும். தடுமாறும்வரை காத்திருப்பானேன் என்று மருத்துவர்களுக்கும் தோன்றியது.

1960களின் பிற்பகுதியில் சிகிச்சைக்கு வந்த பலூன் பம்பை அப்படித்தான் முன்கூட்டியே வைத்துப் பார்த்தார்கள். தொடைத் தமனி வழியே பெருந்தமனிக்குள் போகும் பலூன், இதயம் தளரும்போது ஹீலியத்தால் விரியும். இதயம் சுருங்கும் முன் சட்டென்று அடங்கும். 1990களில் வந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 2013-இல் இத்தாலியில் இ.எஃப். 35-க்குக் கீழே இருந்த 110 பைபாஸ் நோயாளிகளில் யாருக்கு வைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து சோதித்தபோது, முன்பே பலூன் வைத்ததால் பெரிய சிக்கல்கள் குறையவில்லை. ஸ்டென்ட் வைக்கும் நோயாளிகள் 301 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வும் முதல் 28 நாட்களில் வித்தியாசம் காணவில்லை. அதில் பலூன் இல்லாமல் தொடங்கியவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குத்தான் இடையில் அது தேவைப்பட்டது.

இப்போது பேசப்படுவது இம்பெல்லா. இடது கீழறைக்குள் நுழைந்து, ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும் சிறு சுழல் பம்ப். பலூனைவிட வலுவானது. மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்கு (இதயம் உடலுக்குப் போதிய ரத்தம் தள்ள முடியாத நிலை) போனவர்களிடம் நடந்த டேன்ஜர் ஆய்வில் (2024), 180 நாட்களில் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 58.5 சதவீதம், இந்தப் பம்புடன் 45.8 சதவீதம். பெரிய நன்மை. அதே ஆய்வில் ரத்தக் கசிவும், காலுக்கு ரத்தம் போகாமல் போவதும், டயாலிசிஸ் தேவையும் பம்ப் வைத்தவர்களிடமே கூடுதல்.

பாதிக்கு மேற்பட்டோர் இறக்கும் நிலையில் அந்த விலையைக் கொடுக்கலாம். தன் காலில் நடந்து வந்து அட்மிட் ஆகிறவருக்குக் கணக்கே வேறு. பம்ப் இல்லாமலே தேறியிருக்கக்கூடியவருக்கு அதன் சிக்கல் மட்டும் வந்து சேர்ந்தால் அதை எப்படி நியாயப்படுத்துவது? அதனால்தான் முன்தடுப்பாக வைப்பதைத் தனியே குலுக்கல் முறையில் சோதிக்க வேண்டியிருக்கிறது.

"எங்க அப்பாவுக்குக் குலுக்கல் போட்டா வைத்தியம்?" என்ற கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாருக்கு வைப்பது என்பதை நாங்களே தேர்ந்தெடுத்தால், எங்களை அறியாமலே ஒரு பக்கம் மோசமான நோயாளிகளும் மறுபக்கம் தேறக்கூடியவர்களும் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் பலன் பம்பால் வந்ததா, நோயாளியின் நிலையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியொரு ஆய்வில் சேரச் சொன்னால், பம்ப் இல்லாத பிரிவில் விழுந்தவருக்கு அவசரம் வந்தால் அது உடனே கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். எதை அளக்கப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள்: மானிட்டரில் தெரியும் எண்ணையா, அல்லது உயிர் பிழைத்தல், பக்கவாதம், டயாலிசிஸ் ஆகியவற்றையா? சிக்கல் வந்தால் செலவு யாருடையது? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடரும் என்று எழுத்தில் இருக்கிறதா? படிவத்தில் விடை இல்லையென்றால் கையெழுத்தை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் அதற்கு நேரம் இருக்கும்.