செயலுருபு: ‘ஆர்கியூமென்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

மார்த்தாண்டத்தில் கணினி பயிலும் தம்பி ஒருவர், லினக்ஸ் களஞ்சியம் ஒன்றிலிருந்த பல்லாயிரம் மென்பொருள் பொதிகளை, எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை (*) இட்டு ஒரே கட்டளையில் சரிபார்க்க முயன்றபோது, ‘ஆர்கியூமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்ற பிழைச் செய்தி வந்தது. அதை அவர் ‘வாதப் பட்டியல் மிக நீளம்’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். வாதம் அந்த ஆங்கிலச் சொல்லின் ஒரு கிளைப்பொருள். இங்கே வேண்டியது வேறு கிளை.

‘தெளிவாக்கு, மெய்ப்பி’ எனப் பொருள்படும் ‘அர்குவேரே’ என்ற லத்தீன் வினையே இதன் வேர். ஒரு கிளை வழக்காடலுக்குப் போயிற்று. மற்றொன்று வானியலுக்குப் போய், அட்டவணையில் எந்த எண்ணைக் கொண்டு வேறோர் எண்ணைக் காண்கிறோமோ அந்த எண்ணைக் குறித்தது. கணிதச் சார்புக்கு இடும் மதிப்பும், கட்டளைக்கு நாம் கொடுக்கும் மதிப்பும் இந்தக் கிளையில் வந்தவை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் ‘செயலுருபு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். தொல்காப்பியத்தின் அரங்கேற்றத்தைக் கேட்டவராகப் பாயிரம் கூறும் அதங்கோட்டாசானை எங்கள் குமரி மாவட்டத்து அதங்கோட்டுக்காரர் என்றே மரபாகச் சொல்லிவருகிறோம். அந்நூல் ‘ஐ ஒடு கு இன் அது கண்’ என்று வேற்றுமை உருபுகளை எண்ணுகிறது. ‘தக்கலைக்குப் போ’ என்பதில், கண்டிப்பாகப் பார்த்தால், ‘தக்கலை’ என்ற பெயரே கட்டளைக்குக் கொடுக்கும் மதிப்புக்கு நிகர். ‘கு’, கட்டளை எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் விருப்பக்குறிக்கு (ஆப்ஷன்) நிகர். ஆயினும் வினை தனக்கு வேண்டியதை ஏற்கும் உறவை ‘உருபு’ உணர்த்துகிறது, ‘வாதம்’ உணர்த்தாது.

நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரிப்பது, நாம் தட்டும் கட்டளையை வாங்கும் நிரலான ஷெல். அவற்றைப் புதிய நிரலின் நினைவகத்தில் படியெடுப்பது இயங்குதளத்தின் கருவான கெர்னல். 2007இல் வந்த லினக்ஸ் கெர்னலின் 2.6.23 பதிப்புக்கு முன் அந்தப் பட்டியலுக்கு 128 கிலோபைட்டே எல்லை. பின்னர் அது நிரலின் அடுக்கு நினைவக (ஸ்டாக்) வரம்பில் கால் பங்காயிற்று, அதாவது வழக்கமான 8 மெகாபைட்டுக்கு 2 மெகாபைட். எல்லை பெயர்களின் எண்ணிக்கைக்கு அன்று, பைட்டுக்கு. ‘நாகர்கோவில்’ ஆறே எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 33 பைட். ஆகவே ‘செயலுருபுப் பட்டியல் அளவு மீறியது’ என்பதே அச்செய்திக்குப் பொருத்தமான தமிழ்.

‘எக்ஸ்ஆர்க்ஸ்’ நிரல் பட்டியலைக் கூறுகளாகப் பிரித்துக் கட்டளையைப் பலமுறை இயக்கும். சரிபார்ப்புக்கு அது போதும். நிறுவலில் கவனம் வேண்டும்: ஒன்றையொன்று சார்ந்த இரு பொதிகள் வெவ்வேறு கூறுகளில் விழுந்தால், முதலாவது, நிறுவலின் கடைசிப் படியான அமைவு (கான்ஃபிகர்) நிலையில் தடைப்படும். லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியனில், பொதிகளின் உள்ளடக்கத்தைக் கூறு கூறாக அவிழ்த்து (அன்பேக்) வைத்துவிட்டு, அமைவை இறுதியில் ஒருசேர முடிக்கலாம். பைத்தான் நிரல்மொழியின் ‘பிப்’ நிறுவியிலோ, பொதிப் பெயர்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, கட்டளைக்கு அக்கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.