ஹாஃபு: பாதியா, இருமரபா?

1970களின் ஜப்பானிய எக்ஸ்பிளாய்டேஷன் படங்களை, அதாவது வன்முறையையும் கவர்ச்சியையும் காட்டிக் காசு பார்க்கும் படங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஹாஃபு’ என்ற சொல் வந்தால் பலரும் ‘கலப்பினத்தவர்’ என்று போட்டுவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது. கலப்பினம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஜெர்சி மாடும் வீரிய விதையும்தானே, அதை ஒரு மனிதர்மேல் எப்படி ஒட்டுவது?

ஹாஃபு என்பது ‘ஹாஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய வாய் உச்சரிக்கும் விதம். பெற்றோரில் ஒருவர் ஜப்பானியர், மற்றவர் வேறு நாட்டவர் என்றால் பிள்ளை ஹாஃபு. அதற்கு முன்னால் ‘ஐனோகோ’ என்றார்கள், இடைப்பட்ட பிள்ளை என்று பொருள். விலங்குக் கலப்புக்கும் அதே சொல்தான், அதனாலேயே அது வசவு. அப்புறம் ‘கொன்கெட்சுஜி’. ஜப்பானியத்தில் எழுதினால் மூன்றே எழுத்து: கலப்பு, இரத்தம், குழந்தை. 1945 முதல் 1952 வரை நடந்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் படைவீரர்களுக்குப் பிறந்த பிள்ளைகளைச் செய்தித்தாள்கள் இந்தச் சொல்லால்தான் குறித்தன. அப்படிப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகவே 1948இல் சவாதா மிகி என்ற பெண்மணி ஓஇசோ என்ற ஊரில் ஒரு இல்லம் தொடங்கினார்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இருபதைத் தொட்ட நேரத்தில்தான் சினிமா அவர்களைப் பிடித்துக்கொண்டது. 1970இல் நிக்கட்சு நிறுவனத்துக்காக ஹசெபெ யாசுஹரு இயக்கிய ‘ஸ்ட்ரே கேட் ராக்: செக்ஸ் ஹண்டர்’ படத்தில், ஈகிள்ஸ் என்ற ரவுடிக் கும்பல் ஹாஃபு இளைஞர்களைத் தேடித் தேடி அடித்து ஊரைவிட்டு விரட்டுகிறது. அவர்கள் வலம் வருவது ஜீப்பில். அமெரிக்கச் சிப்பாய் கொண்டுவந்த வண்டி வேண்டும், அவன் பிள்ளை வேண்டாம். அதே படத்தில் ‘கோல்டன் ஹாஃப்’ என்ற பெண்கள் பாட்டுக்குழுவும் வருகிறது. ஹாஃபு என்ற சொல் நாடு முழுக்கப் பரவியதே இவர்களால்தான் என்பார்கள். ஒரே படத்தில் அந்தச் சொல் மேடையில் கவர்ச்சியாகவும் தெருவில் அடி வாங்கும் காரணமாகவும் இருக்கிறது. குற்றம் விரட்டுகிறவன் மனசில்தான் இருக்கிறது என்று படம் தெளிவாகவே சொல்கிறது, அதனால்தான் இந்த வகைப் படங்களில் இதை நான் தனியாக மதிக்கிறேன்.

1972இல் நக்கஹிரா கோ இயக்கிய ‘கொன்கெட்சுஜி ரிகா’ அப்படியில்லை. ஒரு ஹாஃபு பெண்ணை நாயகியாக்கி, ஆண்களை அடித்து வீழ்த்தும் பலத்தைக் கொடுத்தது பெரிய விஷயம், சரி. ஆனால் அவள் பிறப்பை ஒரு வன்புணர்விலிருந்து தொடங்கி, கொன்கெட்சுஜி என்ற அந்தப் பழைய சொல்லையே தலைப்பில் வைத்து விற்றார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ‘பாதி ஜப்பானியர்’ வேண்டாம். பாதி என்ற குறையை எதிர்த்துத்தான் 1990களில் சிலர் ‘டபுரு’, அதாவது இரட்டை, என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். நம்மிடம் இருக்கும் ‘சட்டைக்காரர்’ (ஆங்கிலோ-இந்தியர்), ‘பறங்கியர்’ (இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்தவர்கள்) இரண்டும் வேறு சமூகங்களின் பெயர்கள், இங்கே பொருந்தாது. என் தேர்வு ‘இருமரபினர்’: தாய்வழி ஒரு மரபு, தந்தைவழி ஒரு மரபு, இரண்டும் முழுசு. கட்டுரையில் முதல்முறை ‘ஹாஃபு என்னும் இருமரபினர்’ என்று எழுதிவிட்டு அப்புறம் ஹாஃபு என்றே தொடரலாம். கொன்கெட்சுஜியை மட்டும் மெருகேற்றக் கூடாது. அந்த 1972 படத்தின் தலைப்பைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் ‘கலப்பு ரத்தக்காரி ரிகா’ என்றுதான் சொல்வேன், சுவரொட்டியில் அன்று அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.