உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கட்டும், உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது?

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் மஞ்சள் பையோடு வருவார்கள். மூலப்பத்திரம், தீர்வை ரசீது, பழைய பட்டா எல்லாம் அதற்குள் மடித்து வைத்திருக்கும். இப்போது செல்போனை நீட்டுகிறார்கள். “சார், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, இந்த வீடியோவைப் பாருங்க.” வீடியோவில் வருவது பெரும்பாலும் பொய்யில்லை. தீர்ப்பு உண்மையாகவே வந்திருக்கும். அந்தத் தீர்ப்பு நம் வழக்குக்குப் பொருந்த வேண்டுமென்றால் தேவைப்படுகிற காகிதம்தான் வீட்டில் இருக்காது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றிப் புதிதாக விசாரிப்பதில்லை. கீழ்க் கோர்ட்டில் உருவான கேஸ் கட்டைத்தான் படிக்கிறது. கூடுதல் ஆவணம் காட்ட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை 27-ஆவது விதியில் வழி உண்டு, ஆனால் அது குறுகலான வழி. முன்சீப் கோர்ட்டில் காட்டாமல் விட்ட ரசீதை சப் கோர்ட்டில் போய் “அப்போ மறந்துட்டேங்க” என்று நீட்டினால் வாங்க மாட்டார்கள். அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போனால், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே விசாரணைக்கு எடுப்பார்கள். (சேலம் மாவட்ட வழக்குகள் போவது சென்னைக்கு, மதுரைக் கிளைக்கு இல்லை. அடிக்கடி கேட்கிறார்கள்.) கடந்த இரண்டு மூன்று வருடத்தில் வந்த தீர்ப்புகளை இந்தக் கண்ணோடு படித்தால், பலவற்றில் யாரோ எழுதி வைத்த, அல்லது எழுதாமல் விட்ட, ஒரு தாள்தான் வழக்கின் போக்கை மாற்றியிருக்கிறது.

என்னிடம் அதிகம் வருவது தான செட்டில்மென்ட் விவகாரம். பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்று, பிள்ளை இப்போது சோறு போடுவதில்லை, திரும்ப வாங்க முடியுமா? 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரம் ரத்தானது சரியே என்று சொன்னது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவுதான் அடிப்படை. அந்தச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயம் வீட்டைக் காலி செய்து திருப்பித் தரச் சொல்லவும் முடியும் என்றது தீர்ப்பு. நம் ஆட்கள் “ரத்து பண்ணலாம்னு சொல்லிட்டாங்க” என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கின் கதை இன்னும் சுவாரசியமானது. உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் அந்த அம்மா தோற்றிருந்தார். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை தானப் பத்திரத்துக்குள் இல்லை என்பதே காரணம். பத்திரம் எழுதிய அதே நாளில் மகன் தனியாக ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார்: கடைசிவரை பார்த்துக்கொள்வேன், தவறினால் அம்மா சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்துப் படித்தது.

அப்படி ஒரு தாள் இல்லாதவர்கள் என்ன செய்வது? 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினம் மாவட்டத்து வழக்கு ஒன்றில், நிபந்தனையை வெளிப்படையாக எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை என்றது. அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுப்பதாகப் பத்திரம் சொன்னால், முதுமையில் பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது என்பது அந்த அமர்வின் பார்வை. நல்ல தீர்ப்புதான். ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று வேறு வழக்கில் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு பெரியவர். காபியும் மிளகுமாக இருந்த சிறிய தோட்டத்தை மகனுக்கு எழுதி வைத்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், “இந்த செட்டில்மென்டை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை” என்று அச்சடித்தாற்போல் ஒரு வரி. அவர் சொல்லி எழுதியதில்லை. பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கிற வாசகம் அது, எல்லோருக்கும் அதேதான் போகும். பெற்றோர் அதைப் படிக்காமல் கைநாட்டோ கையெழுத்தோ போட்டுவிட்டு வருகிறார்கள். அவருடைய வைத்தியச் செலவை மகள்தான் கட்டினார் என்பதற்கு ஆஸ்பத்திரி ரசீதுகள் மகள் பெயரில் இருந்தன. அவற்றைச் சேர்த்துத்தான் மனு போட்டிருக்கிறோம், விசாரணை நடக்கிறது.

இனி எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: உணவு, இருப்பிடம், மருத்துவம் தர வேண்டும், தவறினால் ரத்து செய்வேன் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். குடியிருக்கும் ஆயுள் உரிமையையும் வருமானத்தையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கோபித்துக்கொண்டால், பத்திரம் எழுதும் முன்பே தெரிந்ததே என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள் நேராக சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் பதியப் பார்க்க வேண்டாம். கிரயமோ செட்டில்மென்டோ, ஒருதலைப்பட்சமாக ரத்து செய்வதைப் பொதுவாகப் பதிய முடியாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே சொல்லிவிட்டது. போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகம், முன்பு சொன்ன தீர்ப்பாயம் அங்கேதான். சேலம், மேட்டூர், ஆத்தூர், சங்ககிரி என நான்கு கோட்டங்கள் இருக்கின்றன, ஏற்காட்டுக்காரர்கள் சேலம் கோட்டம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. 60 வயது நிறைந்திருக்க வேண்டும், சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரமாக இருக்க வேண்டும்.

அடுத்தது கைது. இதில் ஒரே திசையில் தீர்ப்புகள் வந்ததாக நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 2023 அக்டோபரில் அமலாக்கத் துறை வழக்கு ஒன்றில், கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 பிப்ரவரி 7 அன்று, காரணத்தைத் தெரிவிக்காத கைது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவுக்கு விரோதம், அந்தக் கைதே செல்லாது என்றது. சரி, எல்லாருக்கும் ஜாமீன்தான் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 14 அன்று கன்னட நடிகர் தர்ஷனின் ஜாமீனை ரத்து செய்த அமர்வு, எழுத்தில் தராததால் என்ன பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும் என்றது. பிறகு நவம்பர் 6 அன்று இன்னொரு அமர்வு, எந்தக் குற்றமானாலும் எழுத்தில் தர வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. உடனே தர முடியாத சூழ்நிலையில் வாய்மொழியாகச் சொல்லலாம், ஆனால் மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு) நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் வீடியோவை மட்டும் பார்த்தவரும் நவம்பர் வீடியோவை மட்டும் பார்த்தவரும் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டால் இருவரும் சரிதான்.

நவம்பர் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது “புரியும் மொழியில்” என்ற நிபந்தனை. நம் பக்கத்துச் சேகோ ஆலைகளிலும் மில்களிலும் பீகார், ஒடிசா பையன்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! ஸ்டேஷனில் தமிழில் டைப் செய்த தாளில் அவர்களிடம் கையெழுத்து வாங்குவது இனி போதாது. அப்புறம், குடும்பத்தாருக்குப் போனில் தகவல் சொன்னோம் என்பதும் கைதானவருக்குக் காரணம் சொன்னதாக ஆகாது. இரண்டும் தனித்தனிக் கடமை.

ரிமாண்ட் சமயத்தில் யாராவது வாய் திறக்க வேண்டும். “எனக்கு எழுத்தில் எதுவும் தரவில்லை” என்று கைதானவரோ வக்கீலோ மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி, அது ரிமாண்ட் உத்தரவில் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பேசாமல் இருந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்பைக் காட்டினால், கேஸ் கட்டில் அதற்கான தடயமே இருக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கைது செல்லாது என்றால் வழக்கே போய்விட்டது என்று அர்த்தமில்லை. விசாரணை, குற்றப்பத்திரிகை எல்லாம் அதன் பாட்டுக்கு நடக்கும். காரணங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு மறுபடி ரிமாண்ட் கேட்கவும் போலீஸுக்கு வழி இருக்கிறது.

கைது செய்யாமல் விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் செக் மோசடி வழக்கில் கோர்ட் சம்மன் மின்னணு வழியாகவும் போகலாம் என்று அதே வருடம் செப்டம்பரில் சொன்னது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த எதையும் “செல்லாது” என்று அழித்துவிடாதீர்கள், முதலில் யார் அனுப்பியது என்று பாருங்கள்.

செக் என்றதும் செவ்வாய்ப்பேட்டை ஞாபகம் வராமல் இருக்காது. வெள்ளி வியாபாரமோ கொண்டலாம்பட்டித் தறியோ, கடன் வாங்கும்போது கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக்கைக் கொடுப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. “தொகையை நான் எழுதலையே” என்பது வாதமாக நிற்காது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், வெற்றுச் செக்கானாலும் கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் வரும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கடன் செல்லாது என்று ஒரு நம்பிக்கை சமீபத்தில் பரவியது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து கிளம்பியது அது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அதுவும் அடிபட்டது. வருமான வரித் துறை அபராதம் போடுவது வேறு, கடன் இல்லையென்று ஆகிவிடுவது வேறு.

கடன் கொடுத்தவர்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதே மாதம் வந்த மற்றொரு தீர்ப்பில், ஒரு கோடி ரூபாய்ச் செக்குக்கு இரண்டு கோடி என்று நோட்டீஸ் அனுப்பிய நிறுவனம் தோற்றது. டைப்பிங் தவறு என்ற சமாதானம் எடுபடவில்லை. நோட்டீஸில் செக் தொகையைக் குறிப்பாகக் கேட்டிருக்க வேண்டும். வட்டியும் செலவும் கேட்பதானால் தனி வரியில் கேளுங்கள். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பெற்றுக்கொண்டதிலிருந்து 15 நாள் அவகாசம், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். செக் கொடுப்பவர்களுக்கு ஒரே யோசனை: எதற்காக, என்ன நம்பர் செக் என்று எழுதி எதிராளியிடம் கையெழுத்து வாங்குங்கள், தர மறுத்தால் அன்றைக்கே ஒரு மெசேஜாவது போட்டு வையுங்கள்.

பத்திரப் பதிவில் 2025 ஏப்ரல் 7 தீர்ப்பு நம் மாநிலத்துக்கே உரியது. மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்ற தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(1)-ஐ உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை என்றது. பின்னாலேயே அதே நிபந்தனையைச் சட்டத் திருத்தமாகக் கொண்டுவரும் வேலையில் மாநில அரசு இறங்கியது. அதனால் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி டோக்கன் போடாமல், அன்றைக்கு என்ன நடைமுறை என்று விசாரித்துவிட்டுப் போங்கள். வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை: பதிவாகிவிட்டது என்பதால் விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகாது.

வேலை விவகாரங்களில் காற்று தொழிலாளி பக்கம் கொஞ்சம் அடிக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது 2024 டிசம்பர் 20 தீர்ப்பு. அடுத்த ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பாதிச் சம்பளப் பாக்கியோடு மறுபடி வேலை கிடைத்தது. அவர்களிடம் நியமன உத்தரவு கிடையாது. ஆனால் கான்ட்ராக்டர் மூலம் எடுத்தோம் என்ற மாநகராட்சியாலும் அதற்கு ஆவணம் காட்ட முடியவில்லை. நம் ஊரில் கான்ட்ராக்ட் முறையில் துப்புரவோ காவலோ செய்பவர்கள் பி.எஃப். பாஸ்புக்கில் முதலாளி பெயர் என்ன என்று இன்றைக்கே பாருங்கள். வருகைப் பதிவேட்டையும் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. பழைய சட்டத்தில் வந்த தீர்ப்பை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியைக்கு, இரண்டாவது திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் ஜெயித்து, இரு நீதிபதிகள் அமர்வில் தோற்று, 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஜெயித்தார். அதே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருடத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டு செல்லும் என்று முடிவானது. பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கும் செலவு என்று அதற்குத் தனிக் காரணங்கள் சொல்லப்பட்டன. தனியார் கம்பெனிகள் போடும் எல்லாப் பாண்டுக்கும் அது முத்திரை இல்லை.

தீர்ப்பை நீங்களே படிக்க நினைத்தால் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான்.

கடைசியாக, கீழ்க் கோர்ட்டில் தோற்றவர்கள் அதிகம் கோட்டை விடுவது நாள் கணக்கில். சிவில் தீர்ப்புக்கு எதிராக மாவட்டத்துக்குள்ளேயே மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். கிரிமினல் தண்டனைக்கு எதிராக செஷன்ஸுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பு நகல் தயாராக எடுத்துக்கொண்ட நாட்கள் இந்தக் கணக்கிலிருந்து கழியும். ஆனால் நகல் மனு போட்டிருந்தால்தான் கழியும், “வக்கீல் போட்டிருப்பார்” என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் கழியாது. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுவைப் போட்டுவிட்டு, அதன் நம்பரை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.