ஸ்டெம் செல்: தண்டா, மூலமா, குருத்தா?

அரசியல் கலந்த அறிவியல் திரில்லர் ஒன்றில் ஸ்டெம் செல் வந்துவிட்டால், கூடவே ஒரு செனட்டர், ஒரு பாதிரியார், எதையோ மறைக்கும் ஓர் ஆய்வாளர் என மூன்று பேரையும் எதிர்பார்க்கலாம். அப்படி ஒரு கதையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே கை நின்றுவிடும். தண்டு செல், தண்டணு, மூலச்செல், மூல உயிரணு, குருத்துச்செல், குருத்தணு என்று ஆளுக்கொரு சொல் புழங்குகிறது. நான் குருத்தணு கட்சி.

முதலில் பொருள். நம் உடலில் பெரும்பாலான உயிரணுக்களுக்கு வேலை முடிவாகிவிட்டது. நரம்பணு நரம்பணுதான், தசையணு தசையணுதான். ஸ்டெம் செல் மட்டும் இரண்டு காரியம் செய்யும்: தன்னைப் போலவே இன்னொன்றைப் பிறப்பிக்கும், தேவைப்பட்டால் வேறு வேலை பார்க்கும் உயிரணுக்களையும் தரும். எலும்பு மஜ்ஜையில் இருப்பவைதான் வாழ்நாள் முழுக்கச் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன.

சொல்லின் ஊர் ஜெர்மனி. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் 'ஷ்டாம்த்செல்லெ' என்று எழுதினார். ஜெர்மன் மொழியில் 'ஷ்டாம்' என்றால் அடிமரம். குலம், வம்சம் என்றும் பொருள். கொடிவழியை வரைந்து காட்டும் படத்துக்கு அங்கே 'ஷ்டாம்பவும்' என்று பெயர். எல்லா உயிர்களுக்கும் ஆதி மூதாதையான ஓரணு உயிரைத்தான் ஹெக்கல் அப்படி அழைத்தார். 1877இல் கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரைக் கொடுத்தார். பிறகு இரத்த அணுக்களின் தாயணு எது என்று தேடியவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது பரவியதற்கு அமெரிக்க உயிரியலாளர் இ. பி. வில்சன் 1896இல் எழுதிய பாடநூல் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, இந்த 'ஸ்டெம்' கீரைத்தண்டு அல்ல. 'தண்டணு' என்பது ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி முதலில் கிடைத்ததை ஒட்டவைத்த வேலை. 'மூலம்' ஹெக்கல் நினைத்ததற்கு நெருக்கமானதுதான். ஆனால் 'மூலச்செல் சிகிச்சை' என்று ஒரு பலகையைப் பார்த்தால் நம் ஊரில் பாதிப் பேர் வேறு மருத்துவரைத் தேடி வந்தவர்களாக இருப்பார்கள்.

குருத்து அப்படியில்லை. தென்னைக்கும் பனைக்கும் உயிர் உச்சியில் இருக்கிறது. குருத்து இருக்கும்வரை ஓலையும் பாளையும் வந்துகொண்டே இருக்கும். குருத்தழுகல் கண்டால் மரம் போச்சு. இது வெறும் உவமை என்றும் தள்ள முடியாது. செடியின் வளர்நுனியில் ஓயாமல் பிரியும் அணுக்களைத் தாவரவியலாளர்களும் ஸ்டெம் செல் என்றுதான் சொல்கிறார்கள்.

குறையும் உண்டு. குருத்தெலும்பு ஏற்கெனவே இருப்பதால் அதன் அணுவோ என்று குழம்பலாம். 'அணு' என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வரும் என்பார்கள். விந்தணுவும் வெள்ளையணுவும் பழகிப்போன பிறகு அந்தக் கவலை வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது: கரு. 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தது. 'கருக் குருத்தணு' என்று தமிழில் எழுதினால், கருக்கலைப்பில் வெளியே வந்த கருவிலிருந்து எடுத்தார்கள் போலும் என்று படிப்பவர் நினைப்பார். எடுத்தது, சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் மிஞ்சிய, சுமார் ஐந்து நாள் வயதான அணுத்திரளிலிருந்து. ஒரு மணல்துகள் அளவுகூட இருக்காது. ஆனால் அணுக்களை எடுத்தால் அந்தக் கரு அழியும். அது உயிரா, ஆளா, வெறும் திசுவா? சண்டை முழுக்க இதுதான். முதல் சில வாரக் கருவை 'இளங்கரு' என்றும், உறுப்புகள் உருவான பிறகு 'முதிர்கரு' என்றும் பிரித்து எழுதுவது நல்லது.

ஆனால் பெயர் வைப்பதே ஒரு பக்கம் சாய்வதாகும் என்பதைப் பிரிட்டன் 1980களிலேயே பார்த்துவிட்டது. மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையில் அரசு அமைத்த குழு 1984இல், 14 நாளுக்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்றது. உடலின் அச்சுக்கோடு தோன்றுவது ஏறத்தாழ அப்போதுதான். அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். அந்தப் பதினான்கு நாள் கருவை 'கருவுக்கு முந்தியது' என்று சில விஞ்ஞானிகள் அழைக்கத் தொடங்க, பெயரை மாற்றிப் பாவத்தைக் கழுவுகிறார்கள் என்று கரு ஆய்வை எதிர்த்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். 14 நாள் வரம்பு 1990இல் சட்டமானது.

அமெரிக்காவில் சண்டை பணத்தைச் சுற்றி நடந்தது. அதிபர் புஷ் 2001 ஆகஸ்டில், அதுவரை உருவாக்கிய அணுவரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கும் குருத்தணுக்களுக்கு) மட்டுமே மத்திய அரசின் நிதி என்றார். 2006இல் அதைத் தளர்த்த நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது. புஷ் தன் ஆட்சிக் காலத்தின் முதல் வீட்டோவை அதன்மீது போட்டார். பக்கத்தில் நின்றது, உறைநிலைக் கருக்களாகத் தத்தெடுக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள். நாவலாசிரியர்கூட இப்படி ஒரு காட்சியை வைக்கத் தயங்குவார். அதற்கு முன்பே, 2004இல், கலிபோர்னியா வாக்காளர்கள் மாநில அளவில் 300 கோடி டாலர் ஒதுக்க ஒப்புதல் தந்திருந்தார்கள். ஒபாமா 2009இல் புஷ்ஷின் வரம்பை நீக்கினார்.

திரில்லர் என்று சொன்னால் தென்கொரியாதான். அந்நாட்டு விஞ்ஞானி ஹ்வாங் வூ-சுக் 2004இலும் 2005இலும் வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில், நகலாக்கிய (குளோனிங் செய்த) மனிதக் கருவிலிருந்து குருத்தணு எடுத்ததாக அறிவித்தார். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நடக்கும் படத்தோடு அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கேள்வி கேட்டபோது மக்கள் கோபப்பட்டது தொலைக்காட்சிமீது, விளம்பரதாரர்கள் விலகினார்கள். ஆய்வுக்குக் கருமுட்டை கொடுத்தவர்களில் அவரிடமே வேலை பார்த்த இளம்பெண்களும் இருந்தார்கள். மேலதிகாரியிடம் 'மாட்டேன்' என்று அவர்கள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? கட்டுரையில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டிருப்பதை இளம் ஆய்வாளர்கள் இணையத்தில் கண்டுபிடித்தார்கள். 2006 ஜனவரியில் சோல் தேசியப் பல்கலைக்கழகம் இரண்டு கட்டுரைகளும் புனைவு என்றது. அவர் நகலாக்கிய 'ஸ்னப்பி' என்ற நாய் மட்டும் நிஜம்.

அதே ஆண்டில் ஜப்பானின் ஷின்யா யமனகா, எலியின் சாதாரணத் தோலணுவில் நான்கு மரபணுக்களைப் புகுத்திக் கருநிலைக்குத் திருப்பினார். 2007இல் மனித அணுவிலும் செய்தார். 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பெற்றார். இதற்குக் கருவை அழிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'இன்ட்யூஸ்ட் ப்ளூரிபோட்டன்ட் ஸ்டெம் செல்' எனப்படும் இதைத் தமிழில் 'தூண்டிய பன்திறன் குருத்தணு' எனலாம். கொஞ்சம் நீளம்தான், பொருள் விட்டுப்போகாது.

அப்புறம், 'ஸ்டெம் செல் தெரபி'. நம் நாட்டில் 2007இல் வந்த வழிகாட்டு நெறிமுறையின் தலைப்பில் 'ஆய்வு' என்பதோடு 'சிகிச்சை'யும் இருந்தது. 2013இல் திருத்தியபோது 'சிகிச்சை'யை எடுத்துவிட்டார்கள். இரத்தம் தொடர்பான நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட முறைகள் போக, முட்டிவலிக்கும் ஆட்டிசத்துக்கும் விளம்பரம் செய்வதெல்லாம் 'குருத்தணுச் சிகிச்சை' ஆகாது, 'குருத்தணுச் சோதனை' என்றுதான் எழுத வேண்டும். சோதனை என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது.