கடைசியில் எழுத்து வந்துவிட்டால் போதாது

தானாகவே சீனம் படித்துவிட்டு நடுவழியில் என்னிடம் வருகிறவர்களின் நோட்டைப் பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. எழுத்தின் கோடுகளை எந்த வரிசையில் போடவேண்டும் என்பதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இந்த வாரமும் ஒருவர். பக்கம் பக்கமாக உழைத்திருக்கிறார். நாடு என்று பொருள்படும் 'குவோ' எழுத்தை என் எதிரே எழுதச் சொன்னேன். முதலில் நான்கு பக்கமும் அடைத்து ஒரு கட்டம் போட்டார், அப்புறம் மீதியை உள்ளே திணித்தார். இடம் போதாமல் கடைசிப் புள்ளி சுவரில் ஒட்டிக்கொண்டது.

குவோவுக்கு எட்டு கோடுகள். இடது சுவர் ஒன்று. மேலே போய் வலப்பக்கம் மடங்கி இறங்குவது ஒன்று. பிறகு உள்ளே ஐந்து. அடிக்கோடு கடைசியில்தான். உள்ளே நுழைந்த பிறகு கதவைச் சாத்து என்றுதான் சீனாவில் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில். "கடைசியில எழுத்து சரியா வந்தாப் போதும்தானே சார், எந்தக் கோடு முதல்ல போட்டா என்ன?"

போதாது. நீங்கள் பார்த்துப் பழகியது அச்செழுத்து. கையால் எழுதுகிற சீனர் யாரும் ஒவ்வொரு கோட்டுக்கும் பேனாவைத் தூக்கிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு கோடு முடிகிற இடத்திலிருந்து அடுத்தது தொடங்குகிற இடத்துக்குப் பேனா இழுத்துக்கொண்டே போகும். எது எதோடு சேரும் என்பதை வரிசைதான் தீர்மானிக்கிறது. ஆறு, ஏரி, கடல் மூன்றுக்கும் இடப்பக்கம் வரும் தண்ணீர் உறுப்பை, அதாவது பல எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு புள்ளி, அதன்கீழ் இன்னொன்று, மூன்றாவது கீழிருந்து மேலே சுண்டி ஏறும். வேகமாக எழுதும்போது இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கோடாகிவிடும். வரிசை தெரிந்தவருக்கு அது உடனே தண்ணீர். தெரியாதவருக்குக் கிறுக்கல். "புத்தகம் படிக்க வருது, பேராசிரியர் போர்டுல எழுதினா ஒண்ணும் புரியல" என்று சீனாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீங்கள் தப்பான வரிசையில் வேகமாக எழுதினாலும் இதே கதிதான், அதைச் சீனர்களால் படிக்க முடியாது. நம் வீட்டுப் பிள்ளை 'அ'வை வாலிலிருந்து தொடங்கினால் விட்டுவிடுவோமா? விரலைப் பிடித்துத் திருத்துவோம் இல்லையா?

இன்னொரு சாக்கு, "இப்ப எல்லாம் டைப்பிங்தானே" என்பது. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, வெளிநாட்டவருக்கான சீன மொழித் தகுதித் தரநிலை, கையால் எழுத வேண்டிய எழுத்துகள் என்று 1200ஐத் தனியாகவே பட்டியல் போட்டிருக்கிறது.

அடுத்து வீடியோக்கள். ஜப்பானிய 'கஞ்சி' (ஜப்பானியர் தங்கள் மொழியில் பயன்படுத்தும் சீன எழுத்துகள்) வீடியோவைப் பார்த்துச் சீனம் எழுதாதீர்கள், தயவுசெய்து. அரசன் என்று பொருள்படும் 'வாங்' எழுத்துக்குச் சீனாவில் இரண்டு கிடைக்கோடு போட்டபின் நெடுக்கோடு, கடைசியில் அடிக்கோடு. ஜப்பானில் முதல் கிடைக்கோடு முடிந்ததுமே நெடுக்கோடு. இரண்டும் அந்தந்த ஊரில் சரி. ஜப்பான் 1958லேயே தனக்கென வழிகாட்டி வெளியிட்டது, தைவானுக்கும் தனி உண்டு. சீனாவின் இப்போதைய விதி 8105 எழுத்துகளுக்கு, 2021 மார்ச் 1 முதல். எதைப் படிக்கிறீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பொது விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்கே வெட்டினால் முதலில் கிடைக்கோடு. சின்ன என்ற 'ஷியாவ்' மாதிரி நடுக்கோடு முந்துகிறவையும் உண்டு, அவற்றைத் தனியே பழகுங்கள். நாளிதழ் அச்சைப் பார்த்து எழுதாதீர்கள், கையெழுத்து வடிவத்தை ஒட்டிய 'காய்' பாணி எழுத்துருவைப் பாருங்கள். கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். இடது கைக்காரர்கள் நோட்டைச் சாய்த்துக்கொள்ளலாம், வரிசையை மாற்ற வேண்டாம். ஐம்பது தடவை எழுதும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். தப்பை ஐம்பது தடவை எழுதினால் கை அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே தப்பாகப் பழகிவிட்டவர்கள் பயப்படாதீர்கள். எல்லா எழுத்தையும் திரும்பக் கற்க வேண்டியதில்லை, உறுப்புகளைத் திருத்தினால் போதும். வாய் என்ற 'கோவ்'விலிருந்து தொடங்குங்கள். அதற்கு மூன்றே கோடு. நான்கு கோடாகவோ ஒரே சுற்றாகவோ எழுதுகிறவர்கள்தான் அதிகம். அது சரியானால், அதை உள்ளே வைத்திருக்கிற ஏராளமான எழுத்துகளும் கூடவே சரியாகும்.