மஞ்சள் வந்துவிட்டால் குளோரின் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை

இந்த மே மாதத்தில் மட்டும் நான் பார்க்கப் போன நான்காவது நீச்சல் குளம் இது. ஏற்காட்டில் ஒரு விடுதியிலிருந்து காலையிலேயே போன்: பிள்ளைகளுக்குக் கண் சிவந்து எரிகிறது, குளோரின் அதிகமாகிவிட்டது, வந்து குறைத்துக் கொடுங்கள் என்று. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால், குளத்துக்குப் பத்தடி முன்பே நெடி. பராமரிப்புத் தம்பி சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “பாருங்க சார், நல்லா மஞ்சள் வந்திருக்குங்க. ரெண்டுக்கு மேல காட்டுது.”

அதே குளத்துத் தண்ணீரில் டிபிடி என்ற, குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் காட்டும் மருந்தின் ஒன்றாம் எண் மாத்திரையை நசுக்கிப் போட்டேன். கலந்து வீணாகாத குளோரினை மட்டும் அது காட்டும். வெளிறிய ரோஸ், 0.4 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 0.4 பங்கு). மொத்தக் குளோரினையும் காட்டும் மூன்றாம் எண்ணையும் சேர்த்து இரண்டு நிமிடம் விட்டதும் நிறம் ஏறி 2.2. ஆக, கிருமியைக் கொல்லத் தயாராக இருந்த குளோரின் வெறும் 0.4. மீதி 1.8 வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமினாக மாறிக் கிடந்தது.

நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்கிறார்கள். இல்லவே இல்லை. சுத்தமான குளத்தில் குளோரின் 3 பிபிஎம் இருந்தாலும் நெடி அவ்வளவாக இருக்காது. மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் பெரும்பாலும் குளோரமின். அந்தக் குளத்துக்குக் குளோரினைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். குளிப்பவர்களை நிறுத்திவிட்டு ஒரேயடியாகக் கூடுதலாகப் போட்டு குளோரமினை உடைக்க வேண்டும். அன்று அதைத்தான் செய்தோம்.

அந்தத் தம்பி வைத்திருந்த, மஞ்சள் காட்டும் ஓடி (ஆர்த்தோடொலிடின்) சொட்டு மருந்து குழாய்த் தண்ணீரில் குளோரின் வருகிறதா என்று பார்க்கப் போதும். பத்துப் பேர் குதித்த குளத்துக்குப் போதாது. உயிரோடிருக்கும் குளோரின், வீணான குளோரின் இரண்டுக்குமே அது மஞ்சளாகும். சோதித்த தண்ணீரைக் குளத்திலேயே கொட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அது உடம்புக்கு ஆகாத மருந்து.

தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் அவசரத்துக்குச் சரி. ஆனால் மூடுபனி உள்ளே வரும் அறையில் டப்பாவைத் திறந்து வைத்தால் சில நாளிலேயே பொய் சொல்லும். ஆர்ஓ கம்பெனிக்காரர் விட்டுப்போன டிடிஎஸ் மீட்டரை முக்கி “குளம் நல்லா இருக்கு” என்று சொல்லாதீர்கள். அது கரைந்த உப்பைத்தான் காட்டும், குளோரினை அல்ல. நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் போட்டோமீட்டர் நல்ல கருவிதான். ஆனால் குப்பியில் விரல் ரேகை படிந்திருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும், துடைத்துவிட்டு வையுங்கள்.

டிபிடியிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் சுமார் 10 பிபிஎம் தாண்டினால் ரோஸ் நிறம் ஒரு கணம் மின்னிவிட்டு வெளுத்துப்போகும். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைப் பார்த்து “குளோரினே இல்லை” என்று மேலும் ஒரு டப்பா கொட்டியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் குளத்துத் தண்ணீரோடு அதே அளவு டிஸ்டில்ட் வாட்டர் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரட்டியுங்கள். ரோஸ் நிறம் மறையும்வரை சொட்டுகளை எண்ணும் கிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வெளுக்கிற தொல்லை அதில் குறைவு.

தண்ணீரை முழங்கை ஆழத்தில் எடுங்கள், குளோரின் வந்து விழும் இடத்தருகே வேண்டாம். மாத்திரையைக் கையால் தொடாதீர்கள். ஒன்றாம் எண் காட்டும் குளோரின் 1 முதல் 3 வரை, பிஹெச் (அமில காரத் தன்மை) 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். ஒன்றாம் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் வித்தியாசம் 0.4-ஐத் தாண்டினால், அன்று பிள்ளைகளை இறக்காதீர்கள்.